எக்குபாவின் பழி

போரின் அழிவைக் கணக்கிடுவோர் மாண்டாரையும் எரிந்த நகர்களையும் எண்ணுவர். எஞ்சியோர் உள்ளத்தில் நிகழும் அழிவையோ எண்ணுதல் அரிது. அதனை அரங்கிலே காட்டியவர் கிரேக்க நாடகாசிரியராகிய யூரிப்பிடிஸ். ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் பொருத பெலொப்பொனேசியப் போர்க்காலத்தில் (கி. மு. 431 - 404) எழுந்ததாகக் கருதப்படும் 'எக்குபா' என்னும் அவல நாடகம் இதற்குத் தக்க சான்றாகும்.

துரோய் நகர் வீழ்ந்தபின் அதன் அரசி எக்குபா கிரேக்கர்க்கு அடிமையாகின்றாள். அவள் மகள் பொலிக்சேனாவை அக்கிலிசின் கல்லறையிற் பலியிடுகின்றனர். திரேஸ் மன்னன் பொலிமெஸ்டரிடம் பொன்னோடு அடைக்கலமாக விடப்பட்ட இளைய மகன் பொலிடோரஸ், அப்பொன்னுக்காகவே கொல்லப்பட்டுக் கடலில் எறியப்படுகின்றான், உடல் கரையொதுங்குகின்றது. எக்குபா பொலிமெஸ்டரை வஞ்சகமாகக் கூடாரத்துள் அழைத்து, துரோய்ப் பெண்டிர் துணையோடு அவன் மைந்தர் இருவரையும் கொன்று, அவனையும் குருடாக்குகின்றாள்.

மகளின் பலி, மகன்பொருட்டுக் கொண்ட பழி என நாடகம் இரண்டாகப் பிளவுபட்டுள்ளதென்பர் திறனாய்வாளர் சிலர். இக்கூற்று பொருந்துமாறில்லை. எக்குபாவின் இரு வேண்டுகோள்களே நாடகத்தை ஒன்றாகப் பிணைக்கின்றன. முன்னொருகால் தான் உயிர்காத்த ஒடிசியசிடம் மகளுயிரை இரக்கின்றாள், அவன் மறுக்கின்றான். பின்னர் அகமெம்னனிடம் நீதி கேட்கின்றாள். அவள் வழக்கு நேரியதென ஒப்பும் அவனோ, தன் படையினருக்கு அஞ்சித் துணைசெய்யாதொழிகின்றான். சொல் இருமுறை பயனற்றுப் போனபின்னரே அவள் கை கொலைக்கு எழுகின்றது.

ஈஸ்கிலஸ் கி. மு. 458இல் அரங்கேற்றிய ஒரெஸ்தியா முத்தொகுதியிலும் பழிக்குப் பழி தொடர்கின்றது. ஆயினும் இறுதியில் ஏதென்சிலே நீதிமன்றம் அமைந்து அத்தொடரை அறுக்கின்றது. யூரிப்பிடிசும் வழக்காடற் காட்சியொன்றை அமைத்தார். ஆனால் இங்கு தண்டனை முந்துகின்றது, விசாரணை பிந்துகின்றது. காலந்தாழ்த்து வந்த நீதி, நடந்து முடிந்ததற்கு ஒப்பமிடுவதன்றி வேறென் செய்யும்?

தீர்ப்பு எக்குபாவின் பக்கமே. பொலிமெஸ்டர் கொடியவன் என்பதிலும் ஐயமில்லை. ஆயின் அவன் மைந்தர் செய்த குற்றம் யாது? தன் மகனை இழந்து கதறிய தாயே பிறர் மைந்தரைக் கொல்கின்றாள். அவள் நெருப்பெரியும் கண்களையுடைய நாயாக மாறுவாள் எனப் பொலிமெஸ்டர் வருவதுரைக்கின்றான். வழக்கில் வென்றவள் மனித உருவை இழக்கின்றாள். அவளை நாம் வெறுக்கவும் இயலவில்லை, போற்றவும் இயலவில்லை. நகரையும் மக்களையும் அவளிடமிருந்து பறித்த போர், ஈற்றில் அவளையே அவளிடமிருந்து பறித்துவிட்டது.