அப்டேட்டுக்குப் பிறகு பேசாத பட்டன்கள்

பணப் பரிமாற்ற ஆப் ஒன்று புதுத் தோற்றத்துடன் வந்திருக்கிறது. வண்ணம் கண்ணுக்கு இதம், முகப்பில் நெரிசல் இல்லை, படக்குறிகள் அழகு என்று பாராட்டுகள் குவிகின்றன. இருக்கலாம். நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை வைத்துத்தான் எனக்கு எல்லா வேலையும் நடக்கிறது. விரல் படும் இடத்தில் இருப்பதை அது சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்த உருப்படிக்குப் போகும். இருமுறை தட்டினால் அந்த உருப்படி இயங்கும். இந்த வழியில் சோதித்தால் புதுப் பதிப்பு தேறவில்லை.

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே கோளாறுகளைப் பயணச்சீட்டு ஆப்பிலும் உணவு வரவழைக்கும் ஆப்பிலும் கேட்டுவிட்டேன். ஒரு நிறுவனத்தை மட்டும் திட்டினால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

பழைய பதிப்பு

பழைய பதிப்பு அழகில் சுமார்தான். ஆனால் கீழ்வரிசையில் பணம் அனுப்பு, ஸ்கேன், இருப்பு, வரலாறு, உதவி என்று ஐந்து பட்டன்கள் எழுத்திலேயே இருந்தன. பார்த்துப் பயன்படுத்துகிறவர் பட்டனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். கேட்டுப் பயன்படுத்துகிறவர் வரிசையை மனப்பாடம் செய்கிறார். எத்தனை முறை தள்ளினால் 'இருப்பு' வரும் என்பது விரலுக்கே தெரியும். குரல் பாதிச் சொல் சொல்லும்போதே தட்டிவிடுவோம். அந்த வரிசையை முன்னறிவிப்பின்றிக் கலைப்பது, பேருந்து நிலையத்தில் நடைமேடைகளை ஒரே இரவில் மாற்றிவிட்டு, ஒலிபெருக்கி அறிவிப்பையும் நிறுத்தியதற்குச் சமம். பலகையைப் படிக்க முடிந்தவர் எப்படியும் வண்டி ஏறிவிடுவார்.

இடமாற்றம் மட்டும் என்றால் பழகிக்கொள்ளலாம். இங்கே சிக்கல் அதோடு நிற்கவில்லை.

பெயர் போன பட்டன்கள்

புதுப் பதிப்பில் எழுத்துகளை எடுத்துவிட்டுப் படக்குறிகளை வைத்திருக்கிறார்கள். கீழ்வரிசையில் விரலைத் தள்ளிக்கொண்டே போனால் காதில் விழுவது இதுதான்: "அன்லேபிள்ட், பட்டன்." அடுத்தது? "அன்லேபிள்ட், பட்டன்." அதற்கடுத்ததும் அதுவே. அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பார்கள். விளையாட்டு ஆப்பில் செய்யலாம். பணம் போகும் ஆப்பில் எவரும் அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

காரணம் எளிது. பட்டனில் எழுத்து இருந்தால் திரைவாசிப்பான் அதையே படித்துவிடும். எழுத்தை நீக்கிப் படம் வைத்தால், அந்தப் படத்துக்கு ஒரு பெயரை நிரல் எழுதுகிறவர் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' என்ற ஒரு வரி போதும். அந்த வரி விட்டுப்போயிருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையில் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர், வகை, நிலை மூன்றும் இருக்க வேண்டும் என்பது 'ஏ' நிலை விதி. அதாவது மிகக் குறைந்தபட்சத் தேவை.

பெயரில்லாத பட்டனுக்கு நாமே பெயர் வைக்கும் வசதி டாக்பேக்கில் உண்டு. பழைய பதிப்பில் விட்டுப்போன ஓரிரு பட்டன்களுக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தேன். நாம் வைக்கும் பெயர், நிரலுக்குள் அந்தப் பட்டனுக்கு இருக்கும் அடையாளக் குறியோடு ஒட்டிக்கொள்ளும். ஆப்பை மாற்றி எழுதும்போது அந்தக் குறி மாறினால் பெயரும் காணாமல் போகும். இங்கே அதுதான் நடந்தது. பல புதிய ஆப்புகளில் அந்த அடையாளக் குறியே இருப்பதில்லை. அங்கே பெயர் வைக்கும் வழியும் அடைபட்டுப் போகிறது.

ஐபோனில் 2020-இல் ஐஓஎஸ் 14 பதிப்போடு, திரையில் இருப்பதைப் போனே ஊகித்துச் சொல்லும் வசதி வந்தது. டாக்பேக்கிலும் படக்குறிகளை ஊகிக்கும் வசதி உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி, வீடு, பற்சக்கரம் போன்ற பழகிய குறிகளுக்கு இவை கைகொடுக்கும். இந்த ஆப்புக்கென்றே வடிவமைப்பாளர் புதிதாக வரைந்த குறிகளிடம் ஊகம் செல்லாது.

இழுத்துச் செலுத்து

பழைய பதிப்பில் தொகையை உறுதிசெய்ய 'பணம் செலுத்து' என்ற பட்டனை இருமுறை தட்டினால் போதும். இப்போது ஒரு பட்டையை இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். டாக்பேக் இயங்கும்போது ஒற்றை விரலால் தள்ளுவது அடுத்த உருப்படிக்குப் போவதற்கான சைகை. எனவே இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்தி, அப்படியே இழுக்க வேண்டும். பாதியில் விரல் சற்று விலகினால் பட்டை பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. திரும்பியதைக் குரல் சொல்வதில்லை. பணம் போனதா, நின்றதா என்று வரலாற்றுப் பக்கத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். பதற்றத்தில் மறுபடி இழுத்தால் இரண்டு முறை பணம் போய்விடுமோ என்ற பயம் வேறு.

2023 அக்டோபர் 5-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 இதற்கென்றே ஒரு விதியைச் சேர்த்தது: இழுத்துச் செய்யும் எந்த வேலைக்கும், இழுக்காமல் தட்டிச் செய்ய ஒரு மாற்றுவழி இருக்க வேண்டும். கை நடுங்கும் முதியவர்களுக்கும் இந்த விதியால்தான் நிம்மதி.

ஓயாமல் பேசும் ஓடிபி

சொல்ல வேண்டியதைச் சொல்லாதது ஒரு குறை. சொல்ல வேண்டாததைச் சொல்லிக்கொண்டே இருப்பது இன்னொரு குறை. ஓடிபி பக்கத்தில் நொடிக் கணக்கு ஓடுகிறது. அது மாறும்போதெல்லாம் உடனே அறிவிக்கும்படி நிரலில் குறித்துவிட்டார்கள். விளைவு: எண் கட்டத்தில் விரலை வைத்தால் "இருபத்தொன்பது", முதல் இலக்கத்தை அழுத்தினால் "இருபத்தெட்டு", அழுத்தியது நான்கா ஏழா என்று கேட்பதற்குள் "இருபத்தேழு". நம் இலக்கமும் கடிகார இலக்கமும் ஒரே குரலில் வருவதால் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. தொடக்கத்தில் ஒரு முறை, முடிய பத்து நொடி இருக்கும்போது ஒரு முறை சொன்னால் தாராளம்.

பணம் அனுப்ப யாரைத் தேர்ந்தாலும் கீழிருந்து ஒரு சிறு தட்டு மேலெழுகிறதாம். பக்கத்தில் இருந்த தம்பி சொன்னதால் தெரிந்தது. குரல் இன்னும் பின்னால் இருக்கும் பழைய பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று திறந்தால் கவனம் அதற்குள் போக வேண்டும், மூடினால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

தொகையும் தமிழும்

அழகுக்காகச் செய்த ஒன்று கணக்கையே குழப்புகிறது. இருப்புத் தொகையில் ரூபாயைப் பெரிய எழுத்திலும் பைசாவைச் சிறிய எழுத்திலும் காட்ட, இரண்டையும் தனித்தனி உருப்படிகளாக வைத்திருக்கிறார்கள். 1,250 ரூபாய் 50 பைசா என்பது முதலில் "ஆயிரத்து இருநூற்று ஐம்பது" என்றும், அடுத்த தள்ளலில் எந்த அலகும் இல்லாமல் "ஐம்பது" என்றும் கேட்கிறது. சலுகை விதிமுறைகளைப் படமாக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது குரலுக்குத் தெரியாது.

தமிழ்க் குரலுக்கு இன்று பஞ்சமில்லை. கூகுளின் பேச்சுப்பொறியில் தமிழ் உண்டு. விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற பெயரிலேயே ஒரு குரல் இருக்கிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏ தமிழிலும் இயங்குகிறது. இத்தனை இருந்தும், தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காமல் விட்டால் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க வரும். சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணம் என்றால் இன்னும் மோசம். கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது காதுக்கு 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்'.

தேறிய இடங்கள்

நல்லதையும் சொல்ல வேண்டும். கைரேகை வைத்து உள்ளே நுழையலாம். படத்தில் இருக்கும் கோணல் எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா தொல்லை போய்விட்டது. வரலாற்றுப் பக்கத்தில் பெயர், தொகை, தேதி மூன்றையும் ஒரே உருப்படியாக்கி ஒரே மூச்சில் படிக்கும்படி செய்திருக்கிறார்கள். மாதங்கள் தலைப்புகளாக இருப்பதால் தாவித் தாவிப் போக முடிகிறது. இதைச் செய்தவருக்குத் திரைவாசிப்பான் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. முகப்பைச் செய்தவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இந்த ஆப்போடு முடிவதல்ல

2021-இல் வந்த விண்டோஸ் 11, ரைட் கிளிக் மெனுவில் கட், காப்பி, பேஸ்ட் சொற்களை எடுத்துவிட்டு வெறும் படக்குறிகளை வைத்தது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் அவற்றின் கீழ் மீண்டும் பெயர்கள் வந்தன. கண் தெரிந்தவர்களுக்கும் சொல்தான் வசதி என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2023-இல் ரெடிட் தன் தரவைப் பெறக் கட்டணம் அறிவித்ததும், பார்வையற்றோர் நம்பியிருந்த வெளி ஆப்புகளுக்கு ஆபத்து வந்தது. பெரும் எதிர்ப்புக்கு நடுவே, வணிக நோக்கமில்லாத அணுகல்தன்மை ஆப்புகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். வெப்எய்ம் அமைப்பு 2025-இல் பத்து லட்சம் இணைய முகப்புகளைச் சோதித்ததில் 94.8 சதவீதத்தில் டபிள்யூசிஏஜி பிழைகள் இருந்தன.

இந்தியாவில் இதைக் கருணையாகக் கேட்க வேண்டிய நிலை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் பிரக்யா பிரசூன் வழக்கில் தந்த தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி முறைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான். 2011 கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

தீர்ப்பு

காதுக்கு 10-க்கு 3. அந்த மூன்றும் வரலாற்றுப் பக்கத்துக்கும் கைரேகை நுழைவுக்கும்.

திரைவாசிப்பான் வைத்திருப்பவர்கள், வங்கி, பணம் சார்ந்த ஆப்புகளுக்கு மட்டுமாவது பிளே ஸ்டோரில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதால் நெடுநாள் தள்ளிப்போடவும் கூடாது. பக்கத்தில் உதவிக்கு ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து நீங்களே செய்யுங்கள். பிளே ஸ்டோரில் கருத்து எழுதும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாமல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், டாக்பேக் என்ன சொன்னது என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் திருத்துகிறவருக்குச் சாக்கு இருக்காது.

ஆப் எழுதுகிறவர்களுக்கு: கூகுளின் அக்செசிபிலிட்டி ஸ்கேனர் இலவசம். பெயரில்லாத பட்டன்களை அது காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு டாக்பேக்கை இயக்கி, அதிலேயே இருக்கும் திரையை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டு, உங்கள் ஆப்பில் நண்பருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். உங்களால் அனுப்ப முடியாத பதிப்பை வெளியிடாதீர்கள்.