அரபு மண்டபத்தில் பெயரற்றவர்கள்

ஓவியர் ஃபிரெடெரிக் லெய்ட்டன் தம் இலண்டன் இல்லத்தில் 1877ஆம் ஆண்டு தொடங்கி எழுப்பிய அரபு மண்டபம், பலெர்மோ நகரின் ஸீஸா அரண்மனையை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. டமாஸ்கஸ் ஓடுகளில் உடைந்தவற்றுக்கு ஈடு செய்த வில்லியம் டி மார்கனின் கைத்திறன் மெச்சத்தக்கதே. பொன் மொசைக் பட்டையும் வால்டர் கிரேன் பெயரால் அறியப்படுகிறது. மூல ஓடுகளைச் சுட்ட டமாஸ்கஸ் கைவினைஞர்களுக்கோ பெயரே இல்லை.

சுவரில் சூரா அர்ரஹ்மானின் தொடக்க வசனங்கள் மிளிர்கின்றன. மனிதனுக்கு இறைவன் பேச்சைக் கற்பித்ததைக் கூறும் திருவசனம், அதை வாசிக்க அறியாத விருந்தினர்க்கு வெறும் நீலக் கோலமாயிற்று! நம் மனம் உறுத்துவது இங்கேதான்.

2022இல் புதுப்பித்துத் திறந்த இவ்வில்லத்திற்கென அம்மான் நகரக் கைவினைஞர்கள் அறைகலன்கள் செய்தளித்தனர். இம்முறையேனும், செய்தவர் பெயர் செய்பொருளின் அருகிலேயே இருத்தல் வேண்டும்.