இரண்டாவது மேல்முறையீடு: அனுமதிக்கு முன்னால் நிற்கும் கேள்வி

கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டால், ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் அத்துடன் எல்லாம் முடிந்தது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கை ஒருமுறைதான் கேட்டது. அதற்கும் மேலான ஹைகோர்ட்டோ புதிய சாட்சியத்தை ஏற்பதில்லை. மிஞ்சியது ஆளுநருக்கு மனு போடுவது மட்டுமே. அட்டர்னி ஜெனரல் மனம் வைத்தால் வழக்கு மீண்டும் நீதிமன்றம் போகும், இல்லையென்றால் சிறைதான்.

தெற்கு ஆஸ்திரேலியா 2013இல் இதை மாற்றியது. புதிய, வலுவான சான்று இருந்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு இரண்டாவது முறையும் அதற்குப் பிறகும் மேல்முறையீடு செய்யலாம் என்றது. டாஸ்மேனியா 2015இலும் விக்டோரியா 2019இலும் அதே வழியில் வந்தன. மிக நல்ல சட்டம் இது. அரசியல்வாதியின் மேசையில் தூங்கிய மனு, திறந்த நீதிமன்றத்துக்கு வந்தது. மறுப்பதானாலும் காரணத்தை எழுதித்தான் மறுக்கவேண்டும்.

ஹென்றி கியோவின் வழக்கு இதன் பெருமையையும் குறையையும் ஒருசேரக் காட்டுகிறது. 1994இல் அவர் மணக்கவிருந்த பெண் குளியல் தொட்டியில் இறந்தார். காலைப் பிடித்துத் தூக்கி அவரை நீரில் அமிழ்த்தினார் என்று கியோவுக்கு 1995இல் ஆயுள் தண்டனை விழுந்தது. காலில் தெரிந்த கன்றல்கள் பிடித்த கையின் தடங்கள், அவற்றில் ஒன்று கட்டைவிரல் பட்ட இடம் என்று பிரேதப் பரிசோதனை செய்த காலின் மேனாக் சாட்சி சொல்லியிருந்தார். அந்தக் ‘கட்டைவிரல்’ இடத்தின் திசுவைப் பின்னாளில் நுண்ணோக்கியில் பார்த்த மற்றொரு நிபுணர், அங்கே கன்றலுக்கான அடையாளம் இல்லை என்றார். 2014 டிசம்பரில் இந்தச் சட்டத்தின்கீழ் தண்டனை ரத்தானது. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டும், அரசுத் தரப்பு 2015இல் வழக்கைக் கைவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையில் போயிருந்தன.

அந்த நிபுணர் அறிக்கை எழுதியது 2004இல், அரசின் சட்டத் தரப்பு கேட்டதன்பேரில். கியோவின் வழக்கறிஞர்கள் அதைப் பார்த்தது 2013இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அது அரசுக் கோப்பிலேயே இருந்தது. புதிய சான்றோடு வா என்று சொல்லும் சட்டம், சான்று யார் அலமாரியில் இருக்கிறது என்று கேட்கவில்லை. சிறையில் இருப்பவருக்கு ஆய்வகமும் இல்லை, துப்பறிவாளரும் இல்லை. கோப்பைக் காட்டு என்று கேட்கும் உரிமையையும் இந்தச் சட்டம் தரவில்லை. என் கண்ணில் இதுவே அதன் மிகப் பெரிய ஓட்டை.

அடுத்தது அனுமதியின் உயரம். டெரெக் பிரோம்லி என்ற பழங்குடி மனிதர் 1985இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானவர், அன்றிலிருந்து மறுத்துவருபவர். அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி மனநோயால் பாதிக்கப்பட்டவர். அந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பது குறித்த புதிய நிபுணர் கருத்துகளோடு பிரோம்லி அனுமதி கேட்டார். 2023இல் ஹைகோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் மூவர் மறுத்தனர். சாட்சியின் நோய் ஜூரிக்குத் தெரிந்தே இருந்தது என்ற அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் மூத்த நீதிபதிகள் இருவரை மாற்றிச் சிந்திக்கவைத்த ஒரு சான்று, மேல்முறையீட்டில் கேட்கப்படவே தகுதியற்றது என்று எப்படி ஆகும்? அனுமதிக் கட்டத்திலேயே முழு வழக்கையும் எடைபோட்டுவிட்டால், அதன்பின் மேல்முறையீட்டுக்கு என்ன வேலை?

டாஸ்மேனியாவில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற சூ நீல்-ஃபிரேசருக்கு 2019இல் அனுமதி கிடைத்தது. 2021இல் விசாரணைக்கு வந்தபோது அவர் நம்பியிருந்த முக்கியச் சாட்சி சொன்னதைத் திரும்பப் பெற்றார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மேல்முறையீடு தள்ளுபடியானது. இதை அனுமதியின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ததால்தான் உண்மை நிலை தெரிந்தது. அதற்குத்தானே விசாரணை!

பலியானவரின் குடும்பம் எத்தனை முறை அதே துயரத்தைக் கேட்பது என்ற எதிர்வாதம் நியாயமானது. தடுப்பு இல்லாமல் விடச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் தவறான தீர்ப்புகளை ஆராயவென்றே 1997 முதல் ஓர் ஆணையம் இயங்குகிறது. ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அந்த ஆணையமே, தவறாகத் தண்டிக்கப்பட்ட ஆண்ட்ரூ மால்கின்சனை இருமுறை திருப்பி அனுப்பியது. டிஎன்ஏ சான்றால் அவர்மீதான தீர்ப்பு ரத்தானது 2023இல். ஆகவே ஆணையம் மட்டும் போதாது, நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் வழியும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த வழி இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகும் அரசுத் தரப்பு தன் கையில் உள்ளதைக் காட்டியே தீரவேண்டும் என்ற கடமையை அதோடு சேர்த்து எழுதவேண்டும். அனுமதிக்கு, வாதிடத்தக்க சான்று என்ற அளவே போதும் என்றும் எழுதவேண்டும்.