எந்தச் சிப்புக்கு என்பதை மறந்துவிடும் கர்னல் பில்ட்

எக்ஸ்86 லேப்டாப்பில் உட்கார்ந்து ஒரு ஆர்ம்64 போர்டுக்கு லினக்ஸ் கர்னல் கம்பைல் செய்வது இன்னைக்குப் பெரிய வித்தை இல்லை. மேக் கட்டளைக்கு இரண்டு மாறிகள் கொடுக்கணும். 'ஆர்க்' என்பதில் ஆர்கிடெக்சரின் பெயர், 'க்ராஸ்_கம்பைல்' என்பதில் கம்பைலர் பெயரின் முன்னொட்டு. அவ்வளவுதான். எனக்குக் குறை இந்த இடத்தில்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். கர்னலைக் கட்டும்போதே ஃபிக்ஸ்டெப், மோட்போஸ்ட் மாதிரி சில சின்ன நிரல்கள் ஓடியாகணும். அவை ஓடுவது லேப்டாப்பில், போர்டில் அல்ல. அவற்றுக்கு 'ஹோஸ்ட்சிசி', கர்னலுக்கு 'சிசி' என்று கேபில்ட் தெளிவாகப் பிரிச்சு வெச்சிருக்கு. க்ராஸ் கம்பைலின் பாதிக் கஷ்டம் இந்தப் பிரிவில்தான் தீர்கிறது.

ஆனா அந்த இரண்டு மாறிகளுக்கும் ஒன்றோடொன்று பேச்சே கிடையாது. முன்னொட்டை விட்டுட்டீங்கன்னா பரவாயில்லை. லேப்டாப்பின் ஜிசிசி, 'லிட்டில்-எண்டியன் ஆப்ஷன் எனக்குத் தெரியாது' என்று உடனே நின்றுவிடும். ஆபத்து மறுபக்கம். ஆர்ம்64-க்கு கான்ஃபிக் செய்து முடித்தபின், அடுத்த மேக்கில் ஆர்க்கைக் கொடுக்காமல் விட்டால், மேக்ஃபைல் யூநேமைக் கேட்டு எக்ஸ்86 என்று தானே முடிவு செய்துகொள்ளும். ஆர்ம்64 தேர்வுகளைக் கழித்துவிட்டு வரிசையாகக் கேள்வி கேட்கும். என்டர் தட்டிக்கிட்டே போனால் கான்ஃபிக் கோப்பே வேறாகிவிடும்.

வேடிக்கை என்னன்னா, அந்தக் கோப்பின் தலையிலேயே 'லினக்ஸ்/ஆர்ம்64' என்று எழுதியிருக்கு. அது வெறும் கமெண்ட், மேக் அதைப் படிப்பதில்லை. அதே கோப்பில் கம்பைலரின் வெர்ஷன் மட்டும் ஒரு முறையான தேர்வாகப் பதிவாகிறது. கம்பைலர் மாறினால் கான்ஃபிக் மறுபடி சரிபார்க்கப்படும். கம்பைலரின் வெர்ஷனை நினைவில் வைக்க முடிந்ததற்கு, எந்தச் சிப் என்பதை வைக்க முடியாதா?

நெட்பிஎஸ்டி இதைத் தன் 1.6 பதிப்பிலேயே (2002) செய்துவிட்டது. அதன் பில்ட் ஸ்க்ரிப்ட் முதலில் டூல்செயினையே கட்டும். கூடவே இலக்கு மெஷினின் பெயரைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரு மேக் உறையையும் தரும். ஜிசிசி முழுசாகக் கம்பைல் ஆகும்வரை காத்திருக்கணும், அதுதான் விலை. லினக்ஸிலும் 5.15-லிருந்து எல்எல்விஎம் வழியில் போனால் ஆர்க் மட்டும் போதும், முன்னொட்டு தேவையில்லை. பாதி சரியாச்சு. ஞாபக மறதி அப்படியேதான் இருக்கு.

ஒரே சோர்ஸ் மரத்தில் பல சிப்புகளுக்குக் கட்டணுமே என்று கேட்கலாம். அதுக்குத்தான் தனித்தனி அவுட்புட் டைரக்டரி வசதி இருக்கு. ஒவ்வொரு டைரக்டரியும் தன் ஆர்கிடெக்சரை நினைவில் வைத்து, முரண்பட்டால் பிழை சொல்லி நிற்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். அதுவரைக்கும் போர்டுக்கு ஒரு டைரக்டரி, அதற்குரிய மாறிகளோடு மேக்கைக் கூப்பிடும் இரண்டு வரி ஷெல் ஸ்க்ரிப்ட். வெறும் மேக் என்று மட்டும் தட்டாதீங்க.