சிற்றில் சிதைத்த சிறுகால்

பிள்ளைத்தமிழின் சுவையை மறுப்பவன் அல்லன் நான். குழந்தை தவழ்வதையும், கை கொட்டுவதையும், நிலவை அழைப்பதையும் இலக்கியமாக்கிய மொழி நம் மொழி. அதில் பெருமையும் உண்டு. ஆனால், சுவைத்தபின் சிந்திக்கவும் வேண்டுமன்றோ?

பத்துப் பருவங்கள் கொண்டது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனும் ஏழும் இருபாலர்க்கும் பொது. ஏழு பருவம் வரை குழந்தை, குழந்தையாகவே இருக்கிறது. எட்டில் தொடங்குகிறது பாகப்பிரிவினை! ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். அவன் பறை முழக்குகிறான். தேர் உருட்டித் தெருக்கோடி வரை செல்கிறான். அவள் ஊசலாடுகிறாள். எத்துணை உயரம் சென்றாலும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் ஊசல்!

17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமிக்கும் பாடினார், மீனாட்சிக்கும் பாடினார். ஒரே புலவர், ஒரே தமிழ், இரண்டு குழந்தைகள். மீனாட்சி யார்? பாண்டிய நாட்டை ஆண்டவள், படை நடத்தித் திக்கெல்லாம் வென்றவள் என்று புராணம் புகல்கிறது. கதைப்படியே பார்த்தாலும், பறையும் தேரும் அவளுக்கன்றோ பொருந்தும்? கிடைத்தவை அம்மானையும் நீராடலும் ஊசலும்! நாடாண்டவளாயினும் பெண் பெண்ணே என்கிறது மரபு. தெய்வத்துக்கே இந்த நிலையென்றால், தெருவில் திரியும் சின்னஞ்சிறுமிக்கு என்ன கிடைக்கும்?

சிற்றில் பருவத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். மணல் வீட்டைக் கட்டுவோர் சிறுமியர். அதைக் காலால் அழிப்பது அவனுக்கு விளையாட்டு. "அழிக்காதே" என்று கெஞ்சுவது அவர்களுக்கு விதிக்கப்பட்ட பாட்டு. கட்டியவளின் உழைப்புக்கு அங்கே மதிப்பில்லை. இடித்தவனின் குறும்புக்கே புகழ்மாலை!

"விளையாட்டுத்தானே, இதற்கேன் இத்தனை வினா?" என்பர் புலவர் பெருமக்கள். விளையாட்டு எங்கே போய் முடிகிறது என்பதைக் கபிலரே காட்டுகிறார். கலித்தொகை 51-ஆம் பாட்டில், அன்று சிற்றிலைக் காலால் சிதைத்து, கூந்தல் மாலையை அறுத்து, பந்தைப் பறித்து ஓடியவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வருகிறான். கொடுக்கச் சென்றவளின் கையைப் பற்றுகிறான். அலறியவள், தாய் ஓடிவந்ததும், அவனுக்கு விக்கல் என்று பொய் சொல்லிக் காக்கிறாள். காதல் நாடகம் என்ற வகையில் அது இணையற்ற பாட்டு. அவள் உவகையோடுதான் சொல்கிறாள். ஆயினும், இடிப்பவன் கை பற்றுவதும், இடிபட்டவள் அவன் குற்றத்தை மறைப்பதும் இயல்பு என்று பிள்ளைப் பருவத்திலேயே பழகிவிட்டதன்றோ?

நான் சின்னஞ்சிறார்க்குப் பாடம் சொல்பவன். பள்ளித் திடலில் ஒரு சிறுமி கட்டிய மணல் வீட்டை ஒரு பையன் மிதித்தான். பார்த்து நின்ற பெரியவர், "ஆண்பிள்ளை, அப்படித்தான் இருப்பான். நீ தள்ளிப்போய்க் கட்டிக்கொள், அம்மா" என்றார். அவர் பிள்ளைத்தமிழ் படித்தவரல்லர். படிக்காமலே எட்டாம் பருவத்தை மனப்பாடம் செய்திருந்தார்! மற்றொரு நாள் சொப்பு வைத்துச் சோறு சமைத்த பையனைத் தோழர்களே எள்ளி அழவைத்தார்கள். கட்ட விரும்பும் ஆணையும் இந்தச் சமுதாயம் விட்டுவைப்பதில்லை.

தள்ளிப்போ என்ற அச்சொல்தான் பின்னர்ச் சட்டமாயிற்று. மணல் வீடும் அவளுக்கில்லை. பாட்டன் வீட்டிலும் பிறப்பால் பங்கில்லை. பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழகத்தில் வந்தது 1989-இல். இந்தியா முழுமைக்கும் 2005-இல். ஏட்டில் உரிமை எழுதியாயிற்று. தொட்டிலில் எழுதினோமா?

எழுதத் தொடங்கியவர் ஒருவர் உண்டு. பெண் குழந்தைக்கெனத் தாலாட்டு இயற்றிய பாரதிதாசன், மூடத்தனத்தை ஒழிக்க வந்தவளாக அவளை வரவேற்றார். அந்த வழி நெடிது செல்ல வேண்டும். பழைய பாட்டை எரிக்கச் சொல்லவில்லை நான். எடை போடச் சொல்கிறேன்.

அன்று அந்தப் பையனை நான் அடிக்கவில்லை. "இடித்த வீட்டை அவளோடு சேர்ந்து கட்டு" என்றேன். முகம் சுளித்தான், பின் உட்கார்ந்தான். தோழர்களே, பத்துப் பருவத்திலும் இல்லாத பதினொன்றாம் பருவம் அது! அதைப் பாடும் புலவர் நம்மிடையே தோன்றட்டும்.