வெற்றியும் சாவும்: பரணியிலும் கல்லிலும் படைத்தலைவரின் இடம்

முன்னுரை

முடியாட்சியில் அரசனுக்கு அடுத்த நிலையில் போர் அதிகாரம் பெற்றவர் படைத்தலைவர். ஏனாதி, சேனாபதி, தண்டநாயகன், தளவாய் எனக் காலந்தோறும் இப்பதவியின் பெயர் மாறி வந்துள்ளது. படையை நடத்துபவர் அவராயினும் வென்றவன் என்னும் பெயர் அரசனுக்கே உரியதாகிறது. இந்த இடைவெளியை எழுத்து மரபு எவ்வாறு கையாண்டது என்பதைக் கலிங்கத்துப்பரணியையும், ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியின் நடுகற்களையும், அப்பகுதியை ஆண்ட போசள, மைசூர் அரசுகள் தொடர்பான சான்றுகளையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பரணியில் படைத்தலைவர்

முதற் குலோத்துங்கன் (1070–1120) காலத்துக் கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பாடினார். திறை செலுத்தத் தவறிய வடகலிங்க வேந்தன்மீது படையெடுக்க அரசன் ஆணையிடுகிறான். அவைக்கண் எழுந்து அப்பணியை ஏற்பவன் கருணாகரத் தொண்டைமான். ஆறுகள் பல கடந்து படை நடத்துபவனும், போரை முடித்து மீள்பவனும் அவனே. அரசன் களத்திற்குச் செல்லவில்லை.

இதனால் கருணாகரனே நூலின் உண்மைத் தலைவன் என்று கருதத் தோன்றும். நூலமைப்பு அதற்கு இடந்தரவில்லை. சோழர் குல வரலாற்றுக்கு ‘இராச பாரம்பரியம்’, குலோத்துங்கன் பிறப்புக்கு ‘அவதாரம்’ எனத் தனிப்பகுதிகள் உள்ளன. கருணாகரனுக்கு அத்தகைய பகுதி ஒன்றும் இல்லை. அவன் நூலின் பிற்பகுதியில், ‘காளிக்குக் கூளி கூறியது’ என்னும் பகுதியிலேயே அறிமுகமாகிறான். வென்று கொணர்ந்த பொருளை அரசன் அடியில் சேர்த்த அளவில் அவன் பங்கு நிறைவடைகிறது. இறுதியில் கூழுண்ட பேய்களின் வாழ்த்தும் அரசனையே சாருகிறது.

கருணாகரனின் வீரத்தைப் புலவர் குறைத்துப் பாடவில்லை. முழுமையாகப் பாடிய பின் அதனை அரசனிடம் ஒப்படைக்கிறார். போர் செய்தல் படைத்தலைவரின் கடமை என்றால், வெற்றியைக் கையளித்தல் அதனினும் பெரிய கடமை என்பதே பரணி காட்டும் முறைமையாகும்.

கல்லில் வீரன்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. இவ்விரு மாவட்டங்களும் நடுகற்கள் செறிந்த பகுதியாகும். எழுத்துடைய நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வருகிறது. அடுத்துத் தலைவனின் பெயரும், தொறு கவர்தல் அல்லது மீட்டல் பற்றிய செய்தியும், நிறைவாகப் பட்ட வீரனின் பெயரும் இடம்பெறுகின்றன. பரணியில் நூலின் மையமாக விளங்கும் அரசன் இங்குக் காலத்தைக் குறிக்கும் அளவிலேயே நிற்கிறான். கல் இறந்தவனுக்கு உரியது. அவன் செயலை வேறெவரும் தமதாக்கிக்கொள்வதில்லை.

படைத்தலைவரின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. வெற்றி அரசனைச் சேர்கிறது. கல், பட்ட வீரனைச் சேர்கிறது. படைத்தலைவர் தமக்கெனக் கல்லெழுத்துப் பெறும் ஓர் அரிய சூழலைப் போசளர் வரலாற்றில் காணலாம். சின்னகொத்தூரை ஒட்டிய குந்தாணி, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் போசள இராமநாதனின் தலைநகராக இருந்தது. அம்மரபின் பழைய தலைநகரான ஹளேபீட்டில், இரண்டாம் வல்லாளனின் தண்டநாயகன் குவர லட்சுமனைப் பற்றிய தூண் கல்வெட்டு உள்ளது. அரசன் இறந்ததும் கருட வீரர் மரபின்படி அவனும் உயிர்நீத்தான் என்பது அதன் செய்தி. இங்கும் தண்டநாயகன் புகழ் பெறுவது வென்றதால் அன்று, அரசனுக்குப் பின் வாழ மறுத்ததால்.

ஒப்படைக்க மறுத்த படைத்தலைவர்

வெற்றியை ஒப்படைத்தல், உயிரை ஒப்படைத்தல் என்னும் இவ்விரண்டையும் எழுத்து மரபு ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறது என்பதற்கு மைசூர் வரலாறு விடை தருகிறது. 18ஆம் நூற்றாண்டில் களலெ குடும்பத்துத் தளவாய்களிடம் அதிகாரம் குவிந்தது. உடையார் மன்னர் பெயரளவினர் ஆயினர். அவர்கள்கீழ்ப் படைப்பணியில் உயர்ந்த ஐதர் அலி, 1761இல் ஆட்சியைக் கைப்பற்றினார். அரியணையில் உடையார் மரபினரை அவர் அகற்றவில்லை. 1792 உடன்படிக்கையால் கும்பினியாரிடம் செல்லும்வரை கிருஷ்ணகிரிக் கோட்டை உள்ளிட்ட பாராமகால் இவ்வாட்சியில் இருந்தது.

இதனை ஐதர் என்னும் தனி மனிதரின் துணிவாகவோ துரோகமாகவோ மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. அவருக்கு முன்னரே தளவாய்கள் அவ்வழியைத் திறந்துவிட்டனர். படையும் அதற்கான வருவாயும் ஒரே கையில் சேரும்போது முடி நிழலாகிவிடும் என்னும் ஆபத்து அப்பதவியிலேயே அடங்கியுள்ளது. பரணியின் பணிவுக் காட்சியைப் புலவரின் மிகைப்புகழ்ச்சியாக மட்டும் கொள்ளாமல், இவ்வச்சத்திற்கான மறுமொழியாகவும் வாசிக்க இயலும்.

முடிவுரை

அரசவை எழுத்தில் படைத்தலைவரின் புகழ் இரு வாயில்களின் வழியே மட்டும் நுழைகிறது: வெற்றியைக் கையளித்தல், அரசனோடு மாய்தல். இவ்வரம்பு புலப்படுவதற்கு, அரசவைக்கு வெளியே எழுந்த நடுகற்களைப் பரணியோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். தொழிற்பேட்டைகளும் சாலைகளும் கருங்கல் வெட்டுக்குழிகளும் பெருகிவரும் ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில், ஒரு நடுகல் தான் நின்ற இடத்தை இழந்தால் அதன் சான்றுப் பயனில் ஒரு பகுதியையும் இழக்கும். ஆகவே, தமிழிலும் கன்னடத்திலும் எழுத்துடைய இப்பகுதிக் கற்களை இருமொழிப் புலமையோடு, கண்ட இடக் குறிப்புடன் பதிவு செய்தல் இலக்கிய ஆய்வுக்கும் உரிய பணியாகும்.