கொட்டாஞ்சேனை திறக்கவில்லை: டொக்கர் டெஸ்க்டொப்பும் மவுன்ட் பிழைகளும்

"அண்ணா, ஒரே பேரில ரெண்டு போல்டர் இருக்கு. ஒன்று காலியாக் கிடக்கு."

ஸ்கேனர் வேலையில் எனக்கு உதவும் தம்பி இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகளைக் கணினி விடாது. ஆனால் திரையில் அப்படித்தான் இருந்தது. 'கொட்டாஞ்சேனை' என்று ஒன்று, அதன் கீழே 'கொட்டாஞ்சேனை' என்று இன்னொன்று. ஒன்றுக்குள் ஸ்கேன் செய்த பக்கங்கள் எல்லாம் இருந்தன. மற்றது வெறுமை. டொக்கர் அந்த வெறும் கோப்புறையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த 'முகத்துவாரம்', 'வெள்ளவத்தை' இரண்டும் எந்தத் தொல்லையும் இல்லாமல் திறந்தன.

கொட்டாஞ்சேனைக்கு மட்டும் ஏன் இப்படி என்று தேடிப்போன வழியில் டொக்கர் டெஸ்க்டொப்பின் மவுன்ட் பிழைகள் அத்தனையையும் சந்தித்தேன். இந்த விமர்சனம் அந்தத் தேடலில் பிறந்தது.

மேசையில் இருப்பது

களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரத்தில் காகிதத்துக்கு ஆயுள் குறைவு. சஞ்சிகையின் நடுவே குத்திய கம்பிதான் உப்புக் காற்றில் முதலில் போகும். கம்பியின் துரு காகிதத்தைத் தின்னும். ஒருநாள் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். கோயில் திருவிழா மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், நாடக அழைப்பிதழ்கள் என்று வடகொழும்பு வீட்டு அலுமாரிகளில் கிடப்பவற்றை ஸ்கேன் செய்து, ஊர் வாரியாகச் சேர்த்துவருகிறேன்.

சேர்த்ததைப் பிறர் தேடிப் படிக்க ஒரு தளம் வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் காத்துவரும் 'நூலகம்' மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. நானும் அதையே தெரிவுசெய்தேன். மீடியாவிக்கிக்கு வெப் சேர்வர், பிஎச்பி, தரவுத்தளம் மூன்றும் தேவை. அவற்றை ஒவ்வொன்றாக விண்டோஸில் நிறுவிப் பொருத்துவதற்குப் பதில், தேவையானதெல்லாம் உள்ளே அடங்கிய கொள்கலன்களாக இறக்கி ஓட விடலாம். டொக்கர் அதற்குத்தான். 16 ஜிபி நினைவகமும் விண்டோஸ் 11 ஹோம் பதிப்பும் உள்ள மடிக்கணினியில் அதை நிறுவிப் பயன்படுத்துகிறேன்.

சுவருக்குள் சுவர்

கொழும்புத் துறைமுகத்திலிருந்து வெளியேறும் கொள்கலன் லொறிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கருத்தை விளக்கவேண்டியதில்லை. உள்ளே என்ன சரக்கு இருந்தாலும் பெட்டியின் அளவு ஒன்று, தூக்கும் முறை ஒன்று. சொலமன் ஹைக்ஸ் 2013 மார்ச் மாதம் பைகொன் மாநாட்டில் டொக்கரை அறிமுகம் செய்தார். விண்டோஸுக்கும் மக்குக்குமான டெஸ்க்டொப் வடிவம் 2016இல் வந்தது.

பெட்டி பூட்டியே இருப்பதுதான் அதன் பலம். ஆனால் என் ஸ்கேன் பக்கங்கள் பெட்டிக்கு வெளியே இருக்கின்றன. வெளியில் உள்ள கோப்புறையைப் பெட்டிக்குள் தெரியும்படி வாசல் வைப்பதே மவுன்ட்.

லினக்ஸ் கணினியில் இது ஒரே வாசல். விண்டோஸில் அப்படியில்லை. டொக்கரின் கொள்கலன்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. ஆகவே விண்டோஸுக்குள் ஒரு சிறு லினக்ஸ் ஓடவேண்டும். 2020இல் விண்டோஸ் 10இன் புதுப்பிப்போடு வந்த டபிள்யூ.எஸ்.எல். 2 அந்த வேலையைச் செய்கிறது. அந்த லினக்ஸுக்குள்தான் கொள்கலன். உங்கள் கோப்பு விண்டோஸின் சி டிரைவில் இருந்தால், கொள்கலனை அடைய அது இரண்டு வாசல்களைத் தாண்டவேண்டும். எந்த மவுன்ட் பிழையானாலும், எந்த வாசலில் நிற்கிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து வருபவர்கள் செட்டிங்ஸில் 'பைல் ஷெயரிங்' பக்கத்தைத் தேடிக் களைப்பார்கள். ஹைப்பர்-வி முறையில் டொக்கரை ஓட்டுவோருக்கு உரியது அது, டபிள்யூ.எஸ்.எல். 2 முறையில் அது தேவையில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கிடையாது என்பதால் நம்மில் பலர் அந்தப் பக்கத்தைக் காணவே போவதில்லை. அதற்குப் பதில் 'டபிள்யூ.எஸ்.எல். இன்டகிரேஷன்' பக்கத்தில், டபிள்யூ.எஸ்.எல்.இல் நீங்கள் நிறுவிய உபுண்டு லினக்ஸை இயக்கிவிட்டால் போதும்.

கோப்பு கேட்டால் கோப்புறை

மீடியாவிக்கியை நிறுவுவோர் முதலில் சந்திக்கும் பிழை, கோப்புறையைக் கோப்பின் மேல் மவுன்ட் செய்கிறீர்களா என்று டொக்கர் திருப்பிக் கேட்பது. மீடியாவிக்கியின் அமைப்புகள் எல்லாம் 'லோக்கல்செட்டிங்ஸ்' என்ற ஒரே கோப்பில் இருக்கும். நிறுவல் முடிந்த பிறகுதான் அந்தக் கோப்பு உருவாகும். அதன் பிறகே அதை மவுன்ட் செய்யவேண்டும். நான் அவசரப்பட்டு முதல் ஓட்டத்திலேயே அந்த வரியை எழுதிவிட்டேன்.

மவுன்டை எழுதும் குறுகிய வடிவத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்ன இடத்தில் எதுவும் இல்லாவிட்டால், அந்தப் பெயரில் ஒரு வெறும் கோப்புறையைத் தானே உருவாக்கிவிடும். இப்படி 'லோக்கல்செட்டிங்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்புறை முளைக்கிறது. கொள்கலனோ அந்த இடத்தில் கோப்பை எதிர்பார்க்கிறது. தீர்வு எளிது: முளைத்த கோப்புறையை அழித்து, உண்மையான கோப்பை அங்கே வைத்து, கொள்கலனை மீண்டும் உருவாக்கவேண்டும்.

பெயரில் ஓர் எழுத்துப் பிழை, தவறான டிரைவ், செருக மறந்த ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் இந்தப் பழக்கம் ஒரு வெறும் கோப்புறையாக்கி மறைத்துவிடும். கட்டளையில் 'மவுன்ட்' என்று முழுதாக எழுதும் நீண்ட வடிவத்தைப் பயன்படுத்தினால், இடம் இல்லாதபோது டொக்கர் அங்கேயே நின்று பிழை சொல்லும். கொள்கலன்களின் அமைப்பை எழுதிவைக்கும் கொம்போஸ் கோப்பில் 'கிரியேட் ஹோஸ்ட் பாத்' என்பதை 'போல்ஸ்' ஆக்கலாம். தட்டச்சு கொஞ்சம் கூடும். ஆனால் சத்தம் போடும் பிழை, சத்தமில்லாத பிழையைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஸ்கேன் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். டபிள்யூ.எஸ்.எல். தொடங்கிய பிறகு செருகும் டிஸ்க் தானாக லினக்ஸ் பக்கம் தெரியவராது. டிஸ்க்கைச் செருகிவிட்டு, டபிள்யூ.எஸ்.எல்.ஐ நிறுத்தி, டொக்கரை மீண்டும் தொடங்குங்கள்.

யாருடைய கோப்பு?

லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரைப் பெயரால் அறியாது, எண்ணால் அறியும். உபுண்டுவில் முதல் பயனாளரின் எண் 1000. மீடியாவிக்கி கொள்கலனுக்குள் வெப் சேர்வரின் எண் 33. படங்களுக்கான கோப்புறையை நான் உருவாக்கினால் அது 1000க்குச் சொந்தம். 33 அதில் எழுத முடியாது. தளம் திறக்கும், பக்கங்கள் தெரியும், படம் மட்டும் ஏறாது. அந்தக் கோப்புறையின் உரிமையை 33க்கு மாற்றியதும் ஏறும்.

சி டிரைவில் உள்ள கோப்புறையை மவுன்ட் செய்தால் நிலைமை தலைகீழ். அங்கே எல்லாக் கோப்பும் எல்லாருக்கும் திறந்ததாக, 777 என்ற அனுமதியோடு தெரியும். படம் ஏற்றுவதற்கு அது வசதி, தரவுத்தளத்துக்கு ஆபத்து. யாரும் எழுதக்கூடிய அமைப்புக் கோப்பை மைஎஸ்கியூஎல் பாதுகாப்புக்காகப் படிக்காமலே விட்டுவிடும். லொக்கில் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் வரும். போஸ்ட்கிரெஸ் இன்னும் கண்டிப்பு. தன் தரவுக் கோப்புறை 700 அல்லது 750 அனுமதியில் இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது.

ஆகவே தரவுத்தளத்தை விண்டோஸ் கோப்புறையில் வைக்காதீர்கள். டொக்கர் தானே பார்த்துக்கொள்ளும் 'வொலியூம்' அதற்கு உரிய இடம். ஸ்கேன் பக்கங்களையும் லினக்ஸ் பக்கத்துக்கே கொண்டுபோங்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரின் இடப்பக்கத்தில் பென்குவின் படத்தோடு 'லினக்ஸ்' என்று இருப்பது அந்த வாசல்தான். சாதாரணக் கோப்புறைபோல இழுத்துப் போடலாம். இதனால் ஒரு வாசல் குறைகிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடும் வேலையில் வேகம் கூடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

கொட்டாஞ்சேனையின் கொம்பு

இனி அந்த இரண்டு கோப்புறைகள். யூனிகோட்டில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடுகள். அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான்.

யூடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கொட்டாஞ்சேனை' சேர்ந்த வடிவில் 12 குறியீடுகள், 36 பைட். பிரிந்த வடிவில் 13 குறியீடுகள், 39 பைட். லினக்ஸின் கோப்பு முறைமை பெயரைப் படிப்பதில்லை, பைட்டை ஒப்பிடுகிறது. அதற்கு 36உம் 39உம் இரண்டு வேறு ஊர்கள். 'முகத்துவாரம்' என்ற பெயரிலும் 12 குறியீடுகள்தான். ஆனால் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ அதில் இல்லை. அதை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். 'வெள்ளவத்தை'யும் அப்படியே. இரண்டும் சிக்கலின்றித் திறந்த இரகசியம் இதுதான்.

நண்பர் ஒருவர் தம் மக் கணினியில் ஸ்கேன் செய்து ஸிப் ஆக்கி அனுப்பிய கோப்புறையில் பெயர் பிரிந்த வடிவில் இருந்தது. மக் கணினியில் உருவாகும் ஸிப்களில் இதை அடிக்கடி காணலாம். கொம்போஸ் கோப்பில் நான் தட்டச்சு செய்ததோ சேர்ந்த வடிவம். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லாததால் குறுகிய வடிவ மவுன்ட் புதிதாக ஒரு வெறும் கோப்புறையை உருவாக்கியது. தம்பி கண்டது அதைத்தான்.

லினக்ஸில் 'கன்வ்எம்வி' என்ற சிறு கருவி ஒரு கோப்புறைக்குள் உள்ள பெயர்கள் அனைத்தையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றித் தரும். முதலில் அது என்ன மாற்றப்போகிறது என்று காட்ட மட்டுமே செய்யும்; பார்த்து உறுதிசெய்த பின் உண்மையாக மாற்றச் சொல்லலாம். கோப்புறையை மவுன்ட் செய்யும் முன் இதை ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கொழும்பு, மோதரை, கோப்பாய் என்று ஊர்ப் பெயரில் கோப்புறை வைப்போர் எல்லாருக்கும் இது வரும்.

பெயரின் நீளத்திலும் ஒரு கண் வையுங்கள். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடுகள் மட்டுமே. விண்டோஸ் பைட்டைக் கணக்கிடாது, குறியீட்டையே எண்ணும். அதனால் மலரின் பெயர், கோயிலின் பெயர், ஆண்டு என்று நீட்டி எழுதிய பெயர் விண்டோஸில் இருக்கும், லினக்ஸுக்குள் போக மறுக்கும். நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. பிடிஎப் கோப்பின் பெயரும் அந்த எண்தான். தமிழ்த் தலைப்பு அதன் பக்கத்தில் முழுதாக இருக்கும். இப்போது நானும் கோப்புகளுக்கு எண் இடுகிறேன்; ஊர்ப் பெயர்க் கோப்புறைகளை மட்டும் தமிழிலேயே வைத்திருக்கிறேன்.

பிழை வந்தால் பார்க்கும் ஒழுங்கு

1. கோப்புறை சொன்ன இடத்தில் உண்மையில் இருக்கிறதா? விண்டோஸின் 'டெஸ்க்டொப்', 'டொக்கியுமென்ட்ஸ்' இரண்டும் பல கணினிகளில் ஒன்ட்ரைவுக்குள் மாறியிருக்கும், முகவரியும் மாறியிருக்கும்.

2. டொக்கர் எதை எங்கே பொருத்தியிருக்கிறது? 'இன்ஸ்பெக்ட்' கட்டளை காட்டும் 'மவுன்ட்ஸ்' பகுதியில் மூலமும் சேரிடமும் இருக்கும். நீங்கள் நினைத்தது அங்கே இல்லாமலிருக்கலாம். அங்கே இருப்பதுதான் உண்மை.

3. உள்ளிருந்து என்ன தெரிகிறது? 'எக்ஸெக்' மூலம் கொள்கலனுக்குள் போய்ப் பட்டியலிடுங்கள். காலியாக இருந்தால் முகவரிப் பிழை. கோப்பு தெரிந்தும் எழுத முடியாவிட்டால் உரிமைப் பிழை.

4. அதே மவுன்டை அல்பைன் போன்ற மிகச் சிறிய இமேஜில், அதாவது கொள்கலன் உருவாகும் அச்சில், போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் பிழை மவுன்டில் இல்லை, மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது.

5. இமேஜுக்குள் ஏற்கெனவே இருந்த கோப்புகள் காணாமற்போனால் பயப்படவேண்டாம். உங்கள் கோப்புறை அவற்றின் மேல் திரைபோல விழுந்திருக்கிறது. மவுன்டை நீக்கினால் அவை மீண்டும் தெரியும்.

வாங்கலாமா?

தனிப்பட்டவருக்கும் கல்விக்கும் வணிக நோக்கமற்ற திறமூலப் பணிகளுக்கும் டொக்கர் டெஸ்க்டொப் இலவசம். நிறுவனங்களில் 250 பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி அமெரிக்க டொலருக்குக் குறைவாகவும் இருந்தால் இலவசம், இரண்டும் பொருந்தவேண்டும். அதற்கு மேல் கட்டணம். கட்டணம் வேண்டாம் என்போர் பொட்மன் டெஸ்க்டொப், ராஞ்சர் டெஸ்க்டொப் இரண்டையும் பார்க்கலாம். உபுண்டுவுக்குள் டொக்கர் எஞ்சினை நேரே நிறுவவும் முடியும். எதை எடுத்தாலும் இங்கே சொன்ன வாசல்கள் அப்படியேதான் இருக்கும்.

8 ஜிபிக்குக் குறைந்த நினைவகம் உள்ள கணினியில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். டபிள்யூ.எஸ்.எல். 2 வழமையாகக் கணினியின் நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி இருந்தால், ஸ்கேனர் மென்பொருளும் உலாவியும் கூடவே ஓட, வேலை தடையின்றி நடக்கும்.

ஒரு முறை சரியாக எழுதிய கொம்போஸ் கோப்பை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோய், வொலியூமின் காப்புப் பிரதியையும் ஸ்கேன் கோப்புறைகளையும் சேர்த்து வைத்தால் என் தளம் முழுதும் அங்கே எழுந்து நிற்கும். வெள்ளவத்தையில் இன்னொருவர் இதே வேலையைத் தொடங்க விரும்பினால் ஒரு பென்டிரைவில் அதைக் கொடுத்துவிட முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே மேலே சொன்ன பிழைகள் அத்தனையையும் கற்றது தகும்.

வெறும் கோப்புறையை அழித்து, மற்றதன் பெயரை மாற்றிவிட்டு, கொள்கலனை மீண்டும் தொடங்கியதும், துருக்கறை பதிந்த ஒரு திருவிழா மலரின் நடுப்பக்கம் 'கொட்டாஞ்சேனை'யின் கீழ் வந்தது. வெறும் கோப்புறையை அழித்தவன் தம்பிதான். அழிக்கும் முன் இரண்டு பெயரிலும் எத்தனை பைட் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இனி ஸிப் எதுவும் வந்தால் அவன் முதலில் செய்வது அதுதான்.